எட்டுப் பேர் தூக்கும் கதவு

வாசகர்களைக் கும்பிட்டுக் கும்பிட்டே என் முதுகு வளைந்துவிட்டது என்பாள் என் மனைவி. கேலிதான். ஆனால் எழுபத்திரண்டு வயதில் வளைந்த முதுகு வளைந்ததுதான். சரித்திர நாவல்கள் பதினேழு எழுதியிருக்கிறேன். அவற்றில் பதினாறை யாரும் சீந்துவதில்லை. கோட்டை விழுந்த கதை ஒன்றைத்தான், எழுதி முப்பத்தொரு வருஷம் ஆன பிறகும், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவும் உடும்புப் பிடி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். இளவரசி தப்பித்த இரவை நான் ஒரு பக்கத்தில் வளர்பிறை என்றும் இன்னொரு பக்கத்தில் தேய்பிறை என்றும் எழுதியதை ஐந்து பதிப்புகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார். பல் மருத்துவர் என் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு, தளபதி ஏன் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத நிலையில் என்னைக் கேட்ட ஒரே வாசகர் அவர்தான். அவரை எனக்குப் பிடிக்கும்.

இருபத்தைந்தாம் பதிப்பின் மெய்ப்பு மேஜைமேல் திருத்தப்படாமல் கிடந்த ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று பேனாவைத் திறந்தேன்.

"கையெழுத்து வேணாம் சார். நீங்க முன்னாடி குடியிருந்த வீட்டுக்கு எதிர்ல பூட்டுக் கடை இருந்துச்சே, அவரோட பொண்ணு நான்."

பேனாவை மூடினேன். பள்ளிக்கூடப் பையோடு கடை முக்காலியில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

கோட்டைக் கதை ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அப்போது நாங்கள் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இருந்தோம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பாத்திரத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தி, ஜன்னலுக்கு வெளியே எந்தக் கடைப் பலகை கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொள்வேன். என் முதலமைச்சர் ஜவுளிக் கடையிலிருந்து வந்தவர். எதிரி மன்னன் சைக்கிள் கடை. கோட்டைவாசல் காவலனுக்குப் பூட்டுக்காரரின் குடும்பப் பெயரை வைத்தேன். அந்தப் பெயரை இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

காவலன் முதலில் நல்லவனாகத்தான் இருந்தான். பூட்டுக்காரருக்கோ பெருமை பிடிபடவில்லை. வாராவாரம் பத்திரிகையைக் கல்லாமேல் விரித்து வைத்து, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டுவார். என் வீட்டுக் கதவின் பூட்டைப் பிரித்து எண்ணெய் போட்டுத் தந்துவிட்டு, காசு வேண்டாம் என்றார். நாற்பதாவது வாரம் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"கதை தூங்குதுங்க. கடுதாசி குறைஞ்சுபோச்சு. யாராவது துரோகம் பண்ணணும். யாரும் எதிர்பார்க்காத ஆளா இருக்கணும்" என்றார்.

அந்தக் கோட்டை விழுந்ததைப் பற்றிப் பழைய ஏட்டில் இருப்பதே ஒரு வரி. கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது. யார் திறந்தது, எதற்காக, ஒன்றும் கிடையாது. நான் காவலனிடம் ஒரு பொன்முடிப்பைக் கொடுத்தேன். அவன் இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். ஒரே மூச்சில் எழுதி, திருப்பிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. படித்து மாளாமல் பாதிக்கு மேல் பிரிக்காமலே கட்டிப் போட்டேன். வீடு மாறியபோது அந்த மூட்டைகளும் கூடவே வந்தன. என் புகழின் எடையைக் கண்ணால் பார்ப்பதில் அப்போது ஒரு சந்தோஷம்.

"கடையை மூடினது தெரியும்மா. வாடகை ஏத்திட்டாங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

"வாடகையெல்லாம் இல்ல சார். 'கோட்டையவே திறந்துவிட்ட குடும்பம், உங்ககிட்ட எங்க வீட்டுச் சாவியக் குடுக்கறதா?'ன்னு முதல்ல விளையாட்டாத்தான் கேட்டாங்க. அப்புறம் நிஜமாவே குடுக்கறத நிறுத்திட்டாங்க. பூட்டுக்காரனுக்கு நம்பிக்கைதானே சார் முதலு?"

மேஜைமேல் கிடந்த மெய்ப்பை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊருக்குப் பொழைக்க வந்து நூறு வருஷம்கூட ஆகல. கோட்டை விழுந்து நானூறு வருஷம். சொன்னா யாரு கேட்டா? இப்ப அப்பாவே நம்பறாரு சார். எண்பத்துநாலு வயசு. படுத்த படுக்கை. பாக்க வர்றவங்ககிட்டெல்லாம் 'எங்க ஆளு செஞ்சது தப்புதான், மன்னிச்சிடுங்க'ங்கறாரு. இந்த நினைப்போட அவரு போகக்கூடாது. நீங்க ஒரு தடவ வந்து, அது கட்டுக்கதைன்னு உங்க வாயால சொல்லணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அலுப்பு பெரிதாக இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஏதோ முனகினேன்.

"செருப்பப் போடுங்க" என்றாள் என் மனைவி, உள்ளே இருந்தபடியே.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து வரிசையாகப் பூட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் அதனதன் சாவி. பூட்டுக்காரர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"சாரா! நாற்காலி போடும்மா, சாருக்கு."

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. நேராகவே சொன்னேன். "அண்ணே, அந்தக் காவலன் நிஜ ஆளே இல்ல. நானா இட்டுக்கட்டினது."

"பேரு?"

"உங்க கடை போர்டப் பாத்து வச்சேன்."

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். தெளியவில்லை.

"அப்ப துரோகிக்கு ஒரு பேரு வேணும்னு தேடினப்ப, என் கடைதான் உங்க கண்ணுல பட்டுச்சா?"

"ஐயோ, இல்லண்ணே. பேரு வச்சப்ப அவன் நல்லவன்."

"நல்லவன எதுக்குக் கெடுத்தீங்க?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. முப்பத்தொரு வருஷமாகப் பழியை யாரோ ஒரு பாட்டன் தலையில் போட்டுச் சமாளித்து வந்த மனிதர். நான் போய், பாட்டன் இல்லை ஐயா, நீங்கள்தான் என்று சொல்லிவிட்டேன்.

"என் கடுதாசி கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுதுண்ணே." நாக்கில் நரம்பில்லை பாருங்கள், தானாக வந்துவிட்டது.

"என்ன எழுதியிருந்தேன்?"

நான் சுவரிலிருந்த பூட்டுகளைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகள் படிவரை வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"துரோகி வந்த வாரம் எழுதினாரு சார். என்ன எழுதினாருன்னு எனக்கும் தெரியாது. ஒட்டித்தான் குடுத்தாரு. 'எதிர் வீட்டுக்கு எதுக்குப்பா தபால், நானே கொண்டு போய்க் குடுக்கறேனே'ன்னேன். 'வாசகர் கடிதம்னா தபால்லதான் போகணும்'னுட்டாரு. தினமும் தபால்காரரக் கேப்பாரு."

அன்று மதியம் பரணில் ஏறினேன். என் மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, இந்த வயசுல எலும்பு முறிஞ்சா ஒட்டுமா என்று கேட்டபடியே ஒவ்வொரு மூட்டையாக வாங்கி வைத்தாள். இரண்டு பேரும் தும்மித் தும்மி உறைகளைப் புரட்டினோம். மூன்றாவது மூட்டையில், அனுப்புநர் இடத்தில் கடைப் பலகையில் இருந்த அதே பெயர். தரையில் உட்கார்ந்து பிரித்தேன்.

"ஐயா, வணக்கம். பெயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கதை உங்களுடையது. ஆனால் கோட்டைக் கதவுக்குச் சாவி கிடையாது. உள்பக்கம் குறுக்கே ஓர் உத்திரம் கிடக்கும். நான் வேறொரு பழைய கோட்டையில் அளந்து பார்த்திருக்கிறேன். அதைத் தூக்க எட்டுப் பேராவது வேண்டும். ஒருவன் பணத்துக்கு ஆசைப்படலாம். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள் என்றால் வேறு காரணம் இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் தீர்ந்துபோயிற்றா, குழந்தைகள் செத்தார்களா, எனக்குத் தெரியாது. நீங்கள்தான் யோசித்து எழுத வேண்டும். அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கிறேன்."

மற்ற வாசகர்கள் நிலாவை எண்ணினார்கள். குதிரை எத்தனை மணி நேரத்தில் எத்தனை காதம் ஓடும் என்று கணக்குப் போட்டார்கள். அத்தனை ஆயிரம் பேரில் கதவை ஒரே ஒருவர்தான் பார்த்திருந்தார். நான் எழுதியிருக்க வேண்டிய நாவல் அந்த அரைப் பக்கத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, என் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்தாள்.

மறுநாள் காலை பதிப்பாளர் தொலைபேசியில் மெய்ப்பைக் கேட்டார். கோட்டை விழும் அத்தியாயத்தை மாற்றி எழுதப் போகிறேன் என்றேன்.

"துரோகியத் தொட்டீங்கன்னா வாசகருங்க வீடு தேடி வந்து அடிப்பாங்க சார்!"

"எட்டுப் பேரா வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

மெய்ப்பையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். பூட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடிதான் கிடந்தார். அனுமதி கேட்காமல் கடிதத்தை உரக்கப் படித்தேன். பாதியில் அவர் திரும்பினார்.

"நேத்துதான் பிரிச்சீங்களா?"

"ஆமாண்ணே. முப்பத்தொரு வருஷம் பரண்ல கிடந்துச்சு. நீங்க எழுதினதுதான் சரி. தப்பு என்னுது."

"பதிலே வரலையா..." அவருக்கு மூச்சு வாங்கியது. "சரி, படிச்சவரு, ஆதாரம் இல்லாமலா எழுதியிருப்பாரு, நமக்கு என்ன தெரியும், எப்படியோ தனியாத் திறந்திருக்கான் படுபாவின்னு நானே என்னச் சமாதானம் பண்ணிக்கிட்டேன்."

வாசற்படியில் நின்றிருந்த மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தனியா யாராலயும் முடியாதுண்ணே. புதுசா எழுதிடறேன். எட்டுப் பேரு சேர்ந்து தூக்கறாங்க. தண்ணி இல்லாம, புள்ளைங்களுக்காக. உங்க பேரு இருக்காது."

"அது போதும் போதும்னு ஆயிடுச்சு, விடுங்க" என்றார். பிறகு, கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற பழைய குரலில் கேட்டார். "எட்டுப் பேருக்கும் பேரு வேணுமே?"

மெய்ப்பை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தேன். பழக்க தோஷம், தலை தானாக நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போயிற்று. எதிரே ஒரு தையற்கடைப் பலகை தெரிந்தது.

"அங்க பாக்காதீங்க சார்" என்றார் பூட்டுக்காரர். "முதல் ஆளுக்கு உங்க பேர வைங்க."

வைத்தேன்.