மூன்றாவது சாட்சியும் மினுக்கு மையும்

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. நானாக யோசித்தது இதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் கொடுத்தது. (ஊர்ப் பேரை மாற்றவில்லை. ஆள் பேரை மாற்றிவிட்டேன்.)

எப்படித் தொடங்குவது? ‘கடலூர் பஸ் நிலையத்தில் அன்று மழை பெ—’ இல்லை, நல்ல வெயில். ‘காதலுக்கு வயது’ — வேண்டாம், இப்படி ஆரம்பித்தால் நானே படிக்க மாட்டேன்.

விரலிலிருந்து தொடங்குகிறேன். அவர் வலது கை விரல்கள் நீலமாக இருந்தன. ஜன்னல் வெயில் பட்டதும் அந்த நீலத்துக்குள் வெள்ளிப் புள்ளிகள் மினுங்கின. மீன் செதில் என்று நினைத்தேன்.

“மீன் வியாபாரமுங்களா?”

“இல்லீங்க, கல்யாணம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க!” அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார்.

2

பெயர் ஆரோக்கியராஜ். கடலூர் சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலை. மனைவி இறந்து பல வருடம். ஆளுக்கு இங்க் பேனா பைத்தியம். வாட்ஸப்பில் பேனாக்காரர்கள் குழு ஒன்றில் சிதம்பரத்து ஜோதிலட்சுமி ஒரு பழைய பேனாவை விற்றார். இவர் வாங்கினார். வந்த பேனா எழுதவில்லை. கழற்றிப் பார்த்தால், நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை முழுக்க வெள்ளித் தூள்.*

“‘ஜிகினா மை ஊத்துனா கழுவிட்டு விக்கணும்ங்க’ன்னு கோவமா மெசேஜ் போட்டேன். ‘கழுவத் தெரியாது, வந்து கழுவிக் குடுங்க’ன்னு பதில் வருது! என்னா திமிருன்னு பாருங்க. போயிட்டேன்.”

ஜோதிலட்சுமி வீட்டு வாஷ்பேசினில் இருவரும் சேர்ந்து அந்தப் பேனாவைக் கழுவியிருக்கிறார்கள். ரப்பர் பம்ப்பால் தண்ணீரைப் பீய்ச்சப் பீய்ச்ச, நீலமும் வெள்ளியுமாக டம்ளருக்குள் சுழன்றிருக்கிறது. “அந்தம்மா டம்ளர வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, ‘ஐயோ, இத எப்புடிங்க கீழ ஊத்துறது’ன்னாங்க. அங்கதாங்க நான் விழுந்தேன்.”

* மினுக்கு மையில் நைசான தூள் கலந்திருக்கும். சும்மா வைத்தால் அடியில் படிந்துவிடும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த எழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஜொலிக்கும். பேனாவைக் கழுவாமல் விட்டால் தூள் அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தை நானும் அந்த மையில்தான் எழுதுகிறேன். கை பரபரக்கிறது, மன்னியுங்கள்.

3

தீபிகாதான் எனக்குப் பிடிபடவில்லை. ஜோதிலட்சுமியின் ஒரே மகள், புதுச்சேரியில் வேலை. முதல் வரைவில் அவளைக் கோபக்காரியாக, கதவை அறைந்து சாத்துகிறவளாக எழுதினேன். அடித்துவிட்டேன். கல்யாணச் செய்தி கேட்டு அவள் சொன்னது இவ்வளவுதானாம்: “எங்கிட்ட கேக்கல, சொன்னீங்க.” அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். கம்பெனி நண்பர்கள் இருவர் வருகிறார்கள். மூன்றாவது இடம் தீபிகாவுக்கு. அவள் வருவாளா என்று தெரியாது.

“சார், ஆதார் கார்டு வெச்சிருக்கீங்களா?” என்றார் ஆரோக்கியராஜ்.

இருந்தது.

4

சிதம்பரம் பதிவு அலுவலகத்தில் ஜோதிலட்சுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை. என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, “வாங்க சார்” என்றார். அந்த இரண்டு சொல்லில் எவ்வளவு ஏமாற்றம் (இதை விவரித்து எழுதிய வரியை எடுத்துவிட்டேன்).

ஆரோக்கியராஜ் எடுத்த அதே பேனாவைப் பார்த்து அதிகாரி, “ஜிகினாவெல்லாம் ஆகாதுங்க” என்றார்.

“நீலந்தான் சார். கொஞ்சம் சந்தோசமான நீலம்.”

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். நண்பர்கள் போட்டார்கள். என் ஆதார் நகலுக்கு ஆள் போய்வரும்வரை பேனா திறந்தே கிடந்தது. கடைசியில் நான் நிப்பை வைத்தேன். எழுதவில்லை. உதறினேன். மறுபடி உதறினேன்.

“உதறாதீங்க சார், நிப்பு போயிடும்.”

பின்னால் ஒரு பெண். தோளில் பை, முகத்தில் வியர்வை. ஜோதிலட்சுமி எழுந்தேவிட்டார். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு வராண்டாக் குழாயடிக்குப் போனாள்.

5

இங்கே இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கழுவிய பேனாவைக் குழாய்த்திட்டில் வைத்துவிட்டு, தீபிகா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வி— என்னால் முடிக்க முடியவில்லை.

இரண்டு: ஓடி வந்து அம்மா தோளில் சாய்ந்து அழுகிறாள். அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆளாகத் தெரியவில்லை.

நடந்தது இது. அவள் திரும்பி வந்தாள். முழங்கைவரை ஈரம், உள்ளங்கை நீலம். ஆரோக்கியராஜ் பையிலிருந்த மைப்புட்டியைக் குலுக்கி, பேனாவில் நிரப்பி, மூடியால் தட்டி, காகிதத் துண்டில் கிறுக்கிப் பார்த்தாள். ஓடியது.

“நீ போடணும்னு இல்லடி, சாரே போட்டுடுவாரு” என்றார் ஜோதிலட்சுமி.

“இவரு யாரு?”

“பஸ்ல வந்தவரு.”

“பஸ்ல வந்தவரு போடுவாரு, நான் போட மாட்டனா?”

நான் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். ஒரு கல்யாணத்தில் இடத்தைவிட்டு எழுந்ததற்கு நான் இவ்வளவு குஷியானதே இல்லை. அதிகாரி வேறு நகல் வேண்டும், வேறு வரி எழுத வேண்டும் என்று முணுமுணுத்தபடியே என் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதினார். தீபிகா கையெழுத்துப் போட்டாள். சாய்த்துப் பார்த்தாள். மினுங்கியது.

6

கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வெளியே ஆரோக்கியராஜ் ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினார். தீபிகா வாசலில் நின்று, பேனாவைத் தூக்கிக் காட்டி, அவரை முதல்முறையாகக் கூப்பிட்டாள்.

சரியாக அந்த நொடியில் ஒரு பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அந்த முதல் சொல் மட்டும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் திரும்பிய அவர் முகத்தைப் பார்த்தேன். வந்து நின்ற ஆட்டோவை மறந்து நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார். ஜோதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

‘சார்’ என்றா? ‘அங்கிள்’ என்றா? வேறு ஏதாவதா? பிறகு அவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வாக்கியத்தை மட்டும் தருகிறேன். கோடிட்ட இடம் உங்களுடையது.

“________, பேனாவ உட்டுட்டுப் போறீங்க!”