துபாயிலிருந்து வந்த ஜீப்

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் என் கணவர் சகின் மாஸ்கோவில்தான் இருப்பார், கட்டட வேலை. இந்த வருடம் போக மாட்டேன் என்றார். குதிரைகளை விற்று, துபாயில் பழைய ஜீப் ஒன்று வாங்கி, எங்கள் மலைக் கிராமம் அத்பாஷியிலிருந்து நரின் நகரத்துக்கு ஆள் ஏற்றப் போகிறாராம். எனக்கு ஜீப் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. மனுஷன் வீட்டில் இருந்தால் சரி என்று தலையாட்டினேன்.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி தாலாயைப் போனில் பிடுங்கி எடுத்துவிட்டார்.

"மாப்ளே, அடியில படுத்துப் பாத்தியா? துரு இருக்கா?"

"பொட்டுத் துரு இல்ல அத்தான். இங்க ஏது மழை?"

எஞ்சின், கியர், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதா, எல்லாம் கேட்டார். வசந்தத்தில் கப்பலேறிய ஜீப், ஈரானில் இறங்கி, ஏதோ ஒரு எல்லையில் கோடை முழுக்கக் கிடந்து, செப்டம்பரில் வீடு வந்தது. ஆடு வெட்டினோம். வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து ஏசியைப் போட்டுக் காட்டினார்.

முதல் பனி விழுந்த காலையில் நானும் சகினும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு பெக்துர் வந்து ஏறினார். அவரும் பழைய வேன் ஒன்றில் ஆள் ஏற்றுபவர்தான்.

"விறைக்குது. ஹீட்டரைப் போடுப்பா."

சகின் குமிழைத் திருகினார். குளிர்காற்று வந்தது. இன்னும் திருகினார். இன்னும் குளிராக வந்தது. குமிழைச் சுற்றி நீலக் கோடு மட்டும்தான், சிவப்பே இல்லை.

"டேய், இதுல ஹீட்டரே வைக்கலடா. அரபுக்காரனுக்கு அது எதுக்கு?" என்று பெக்துர் விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

தாலாயிடம் கேட்டால், "நீங்க அதைக் கேக்கவே இல்லையே அத்தான்" என்கிறான். கேட்பார்களா? வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதா என்று எங்கள் ஊரில் யாராவது கேட்பார்களா?

கம்பளி விரித்து ஓட்டிப் பார்த்தார். ஏறியவர்கள் விட்ட மூச்சு கண்ணாடியில் உள்பக்கமே உறைந்தது. பள்ளிக்கூட டீச்சர் பாதி வழியில் இறங்கி, "எனக்குக் கால் இருக்கான்னே தெரியல" என்று சொல்லி வேறு வண்டி பிடித்தாள். அப்புறம் யாரும் ஏறவில்லை.

நரின் மெக்கானிக்கிடம் இரண்டு பேரும் போனோம். "முன்பக்கம் முழுசும் பிரிக்கணும். சாமான் வெளிநாட்டுல இருந்து வரணும்" என்றவர் சிரித்தார். "அந்தச் செலவுக்கு நீ மாஸ்கோவே போய்ட்டு வந்துடலாம்."

பாவம், அவருக்கு எங்கள் கதை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சகின் அலமாரி மேலிருந்த பையை இறக்கினார்.

"வேணாங்க. வித்துடலாம்."

"இந்தக் குளிர்ல இதை யாரு வாங்குவா? ஹீட்டருக்குக் காசு சேந்ததும் வந்துடறேன்."

"போன வருஷம் கூரைக்குன்னு போனீங்க. அதுக்கு முந்தி உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு. இப்ப ஹீட்டருக்கா?"

அவர் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் பெக்துரின் வேனில்தான் கிளம்பினார். "நீயும் ஏறும்மா, நரின் வரைக்கும் வா" என்றார் பெக்துர். ஏறினேன். சகின் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்குள் வெதுவெதுவென்று இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.