ஒரு சஹனில் ஆறு கை

சாய்ந்தமருதில் எனக்குச் ‘சுத்தக்காரி’ என்று பெயர். பாராட்டி வைத்த பெயரல்ல. கல்யாண வீட்டில் தேநீர்க் கோப்பையின் விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடிக்கிறேனாம்; வந்தவர்கள் போன பிறகு கதவின் கைபிடியைக் கழுவுகிறேனாம். இரண்டும் உண்மைதான். சுனாமிக்குப் பிறகு ஒரு வருடம் அகதி முகாமில் கிடந்தோம். அங்கே கக்கூசுக்கு வரிசையில் நின்று, முன்னால் போனவர் விட்டுவந்ததை மிதிக்காமல் கால் வைக்க இடம் தேடியவர்கள்தான் இன்றைக்கு என்னைக் கேலி செய்கிறார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அருவருப்புக்கு அதைவிடப் பெரிய காரணம் என் கணவர் றிபாய். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, முகமும் காலும் வீங்கிக் கிடந்த மனிதருக்கு என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். கண்டியில் வைத்துப் பொருத்தினார்கள். உடம்பு அதை இன்னொருத்தியின் பொருள் என்று தள்ளிவிடாமல் இருக்க அவர் காலம் முழுக்க மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரை நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். மற்றவர்கள் படுத்து எழும்புகிற வயிற்றுப்போக்கு இவரைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அது வெறும் பயமுறுத்தல் அல்ல. எங்களோடு அதே வார்டில் இருந்த ஏறாவூர்க்காரர் ஒருவர் கடையில் அப்பம் சாப்பிட்டு, வயிற்றால் போய், அப்படியே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இவர் வாய்க்குள் போவது எதுவும் என் கையைத் தாண்டித்தான் போகும்.

யுத்தம் முடிந்த வருடம், நோன்புக்கு முந்திய மாதத்தில் பக்கீர் மாமா ஒரு பயணம் வைத்தார். இவருடைய தாயின் தம்பி அவர். வாப்பா இல்லாத பிள்ளை என்று இவரைத் தோளில் போட்டு வளர்த்தவர். சுனாமியில் பழைய படகு உடைந்து, பிறகு கடற்படையின் தடைகளால் கடலுக்குப் போக முடியாமல் வருடக்கணக்காகக் கரையில் குந்தியிருந்த மனிதர், புதிதாக ஓர் ஆழ்கடல் படகு வாங்கியிருந்தார். கடல் திறந்ததும் முதல் ஓட்டம் மீனுக்கில்லை, குடும்பத்துக்குத்தான் என்றார். பொத்துவிலில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்கு எல்லாரையும் கடலால் கூட்டிப்போய், நடுவழியில் படகிலேயே, ஒரே தட்டைச் சுற்றியிருந்து தின்கிற சஹன் சாப்பாடு கொடுப்பதாகத் திட்டம்.

“போகத்தான் வேணுமா மச்சான்?” என்று இவரிடம் கேட்டேன்.

“போகாட்டி மாமாட மனசு உடைஞ்சிரும் ஸுல்பி.”

“உங்கட ஒடம்பு உடைஞ்சா?”

“நீதான் பீங்கான், சோறு, தண்ணி எல்லாம் கட்டிக்கிட்டு வாறியே. பிறகென்ன?” என்று சிரித்தார். நானும் நம்பி மூடியுள்ள பாத்திரத்தில் சோறும், கொதித்தாறிய தண்ணீரும், அவர் சாப்பிடுகிற பீங்கானும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மீன்படகை எவ்வளவு கழுவினாலும் அது மீன்படகுதான். பலகை இடுக்கெல்லாம் பழைய செதிலும் இரத்தமும் ஊறிக் கிடந்தன. டீசல் புகை வேறு. கரை மறைவதற்குள் பிள்ளைகள் சத்தி எடுக்கத் தொடங்கின. காலையில் தின்ற முட்டையும் ரொட்டியும் மஞ்சளாக ஒருத்தியின் மடியில் விழுந்தது. அவள் அதை வெறுங்கையால் வழித்துக் கடலில் எறிந்துவிட்டு, அதே கையால் பிள்ளையின் வாயைத் துடைத்து, அதே கையால் எனக்கு ஒரு வாழைப்பழம் நீட்டினாள். நான் வேண்டாமென்றேன். “ஓ, சுத்தக்காரிக்கு வயிறு சரியில்லயாம்,” என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

படகின் பின்பக்கம் பலகையால் அடித்த ஒரு கூடு இருந்தது. அதுதான் கக்கூசு. கீழே ஓட்டை, ஓட்டைக்குக் கீழே கடல். கயிறு கட்டிய நீல வாளி ஒன்றால் கடல் தண்ணீரை அள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பக்கீர் மாமா அந்த வாளியோடு போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு தடவை வெளியே வந்தவர் படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து ஓங்காளித்தார். எச்சில் நூலாகத் தாடியில் தொங்கியது. சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டு, நான் பார்ப்பதைக் கண்டதும், “டீசல் மணம் புள்ள, வேறொண்டுமில்ல,” என்றார்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாண்டிருப்புக் கனகரெத்தினம், “முதலாளிக்கு டீசல் மணம் எப்ப தொடக்கம் ஒத்துக்காமப் போச்சுது?” என்று பகிடியாகக் கேட்டார். மாமா திரும்பவும் வாளியைத் தேடினார்.

மாமாவின் இளைய மகள் சுபைறா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். என் வயதுக்காரி, என்னோடு குர்ஆன் பள்ளியில் ஓதினவள். அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“வாப்பாக்கு என்னகா?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். “ராவெல்லாம் வயித்தால போனது. என்ட சின்னவனுக்கும் முந்தநாளே அதுதான். பயணத்த நிப்பாட்டுவம் எண்டு சொன்னன், கேட்டாத்தானே. ஆருக்கும் சொல்லிப்போடாத, வாப்பா என்னக் கொண்டுருவாரு.”

அவருடைய கையைப் பார்த்தேன். அகலமான கை, நகத்தோரங்களில் கறுப்பு. அந்தக் கையால்தான் அவர் காலையில் எல்லாருக்கும் தேநீர் நீட்டினார். என்னுடையதை நான் கடலில் ஊற்றியிருந்தேன். இவர் ஒரு மிடறும் குடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஆண்களும் பெண்களும் இருந்த இடங்களுக்கு நடுவே ஒரு தறப்பாள் கட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் நின்று இவரைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். இவர் முகம் சுருங்கியது.

“சத்தமாக் கதைக்காத. நான் என்ட பீங்கான்லதான் சாப்பிடுவன், சரியா? மாமாவ வெக்கப்படுத்திப் போடாத.”

“அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க.”

“ஓம், சொல்லுறன்தானே!”

நடுக்கடலில் இயந்திரத்தை நிறுத்தி, படகின் மேல்தளத்தில் பாய் விரித்தார்கள். பெரிய வட்டத் தட்டுகளில் நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டால்தான் பறக்கத்து, அல்லாஹ்வின் அருள்; தனியாகத் தின்றால் அது வெறும் வயிறு நிரப்புவது. சின்ன வயதில் எனக்கும் சஹன் பிடிக்கும். உம்மாவின் விரலும் ராத்தாவின் விரலும் என் விரலோடு முட்டுவது பிடிக்கும். நோயை அறிந்த பிறகு அந்தத் தட்டில் எனக்கு விரல்கள் மட்டும்தான் தெரிகின்றன.

கை கழுவுவதற்குக் கொண்டுவந்த நல்ல தண்ணீரைப் பிள்ளைகளுக்கு வாய் கழுவியே முடித்துவிட்டார்கள். அதற்காக யாரும் கவலைப்படவில்லை. மாமா நீல வாளியைக் கடலில் விட்டு இழுத்தார். கக்கூசுக்குப் போய்வந்த அதே வாளி. அவர் நீட்ட நீட்ட, எல்லாரும் அதற்குள்ளேயே கையை விட்டு அலசினார்கள்.

“சவுக்காரம் இரிக்கி மாமா, தரட்டா?” என்று தறப்பாளுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“கடல் தண்ணிய விடச் சுத்தம் வேறென்ன புள்ள இரிக்கி? தொழுறதுக்கு ஒழுவே எடுக்கலாம் இதுல!”

தண்ணீர் சுத்தம்தான் மாமா, வாளி? என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். பெண்கள் பக்கத்துக்கும் அந்த வாளி வந்தது. என் மாமியார் ஆசியா உம்மா கையை அலசிவிட்டு, சொட்டச் சொட்டச் சோற்றுக்குள் விட்டார். நான் சாப்பிடவில்லை. தறப்பாளின் கிழிசலால் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் தன் பீங்கானை எடுத்து வைத்து, சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். மாமா அதைப் பார்த்தார்.

“என்னடா மகன் இது, ஆஸ்பத்திரிப் பீங்கான்?”

“டாக்டர் சொன்ன, மாமா...”

“டாக்டரா உன்ன வளத்தவன்? இஞ்ச வா, எனக்குப் பக்கத்துல இரி. இந்தக் கடலால என்ட உசிரு போகாமத் திரும்பி, இந்தச் சஹன்ல உன்னோட இருந்து தின்னணும் எண்டு எத்தின வருசம் துவாக் கேட்டிருப்பன் தெரியுமா?”

அவருடைய கண் கலங்கியது. அது நடிப்பில்லை, எனக்கும் தெரியும். மற்ற ஆண்கள், “வா றிபாய், ஒரு நாளைக்கு ஒண்டும் ஆகாது,” என்றார்கள். இவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. பாத்திரத்தை மூடி, பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டுச் சஹனுக்குப் போனார். அந்த வாளிக்குள் கையை விட்டார்.

தறப்பாளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். அங்கே பெண்கள் போகக்கூடாது, போனேன்.

“மாமா, உங்களுக்கு வயித்தால போகுது. இவருக்கு அது தொத்தினா மவுத்துதான். இவர விடுங்க.”

எல்லாக் கையும் நின்றது. மாமா சிரிக்கப் பார்த்தார். “இது கடல் மயக்கம் புள்ள.”

“பிறந்ததுல இருந்து கடல்ல கிடந்த ஆளுக்குக் கடல் மயக்கமா?”

“ஸுல்பி, போ அங்கால!” இவர் பல்லைக் கடித்தார். இவர் இப்படி என்னை அதட்டியதே இல்லை.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. “நான் தூக்கி வளத்த புள்ளைக்கு என்ட கையால ஒரு வாய் தீத்த எனக்கு உரிமை இல்லயா? நீ வந்தது நேத்து!” என்று சொல்லிக்கொண்டே, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பிய்த்து, நெய்ச்சோற்றோடு சேர்த்து, இவருக்கு முன்னால் வைத்துப் பிசைந்தார். நெய் விரலிடுக்கால் வழிந்தது. கறுத்த நகங்கள் சோற்றுக்குள் அமிழ்ந்து அமிழ்ந்து வெளியே வந்தன. ஏதோ காரத்துக்கு மூக்கை அதே புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பிசைந்தார். “வாயத் திற மகன்,” என்றார்.

இவர் வாயைத் திறந்தார்.

நான் குனிந்து அந்தச் சோற்றில் துப்பினேன். என் வாயிலிருந்த அவ்வளவையும் சேர்த்து, அந்தக் கையும் சோறும் நனையத் துப்பினேன்.

ஒருவர் எழுந்தோடி விளிம்பில் ஓங்காளித்தார். மாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல. பிறகு மற்ற ஆண்கள், “நஜீஸ்! ஊத்தை!” என்று சத்தமிட்டபடி சஹனைத் தூக்கிக் கடலில் கவிழ்த்தார்கள். நெய்ச்சோறு வெள்ளையாகப் பரவி மிதந்தது.

“நீ மனுசியா?” என்று இவர் கேட்டார். அவர் வாயோரம் கோணியிருந்தது. அன்றைக்கு அவர் எதையும் தின்னவில்லை. தன் பீங்கானையும் தொடவில்லை. அந்தச் சஹனில் இருந்த மற்றவர்கள், மாமாவும் உட்பட, திரும்பவும் கையை அதே வாளியில் அலசிவிட்டு அடுத்த சஹனில் நெருங்கி இருந்து சாப்பிட்டார்கள். நான் படகின் முன்பக்கம் தனியே போய்க் குந்தினேன். கடலில் இறங்கி எங்கே போவது? பொத்துவில் வரும்வரை என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இவர் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை.

மறுநாள் பொத்துவிலிலேயே தொடங்கிவிட்டது. ஒரு கக்கூசுக்கு இருபது பேர். முற்றமெல்லாம் சத்தி, பாயெல்லாம் ஊத்தை. ஊருக்கு வந்து சேர்ந்ததும் மாமாவுக்குச் சேலைன் ஏற்றினார்கள். ஆசியா உம்மா ஒரு கிழமை படுக்கையில் கிடந்தார். அவருடைய துணியையெல்லாம் நான்தான் கொதிநீரில் போட்டுத் துவைத்தேன். யாரும் மவுத்தாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். படகில் போனவர்களில் நோய் தொடாதவர்கள் இவர், நான், வீட்டிலிருந்து கட்டிவந்த பார்சலைத் தனியே தின்ற கனகரெத்தினம்.

இதற்குப் பிறகாவது ஊருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். ஊர் வேறு கணக்குப் போட்டது. ஸுல்பிகாவின் எச்சிலில்தான் நோய் இருந்ததாம். ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தவளாம், அங்கிருந்து எதையோ பிடித்துக்கொண்டு வந்து எல்லாருக்கும் துப்பிவிட்டாளாம். துப்பிய சோற்றைத் தின்றது மீன் மட்டும்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுபைறாவைக் கல்முனைச் சந்தையில் கண்டேன். வாப்பாவுக்கு முந்தியே வயிற்றால் போனதை அவள் ஒருத்தி சொன்னால் போதும். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்குள் புகுந்துவிட்டாள்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம், எழும்பி நடக்கத் தொடங்கியிருந்த ஆசியா உம்மா, இவருக்கு முன்னாலேயே சொன்னார்: “உன்ட எச்சில்தான் எங்கட குடும்பத்தப் புடிச்சது மகள்.”

நான் இவரைப் பார்த்தேன். வாளியைப் பற்றி இவருக்குத் தெரியும். நான் சொல்லித் தெரியும், கண்ணாலும் கண்டவர். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அகப்பையில் சோற்றை அள்ளி இவருடைய பீங்கானுக்குக் கொண்டுபோனேன். இவர் பீங்கானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வெச்சிட்டுப் போ. நான் போட்டுக்கிறன்.”

வாயோரம் அன்றைக்குப் போலவே கோணியது. அது கோபமில்லை. கோபம் என்றால் ஆறிவிடும். அது அருவருப்பு, கண்டால் எனக்குத் தெரியாமல் போகுமா? சட்டிக்குள் அகப்பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இவர் தானே அள்ளிப் போட்டு, பசியோடு வயிறு நிறையச் சாப்பிட்டார்.