இருபத்து மூன்றடி வேர்

கடலிலிருந்து மூன்றாவது தெருவில் வீடு வாங்கியதிலிருந்து, முன்புற மணலில் தையல்காரி நட்டதெல்லாம் கருகிப்போனது. ரோஜா ஒரு வாரம் தாங்கியது, செம்பருத்தி பத்து நாள். சன்னல் கம்பியையே அரித்துத் தின்கிற உப்புக்காற்றுக்குப் பூச்செடி எம்மாத்திரம்?

கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியவர்கள் பிடுங்கிப் போட்ட புதரிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவந்து ஊன்றினாள். தடித்த, பளபளப்பான இலை. யாரோ பாதியைக் கிழித்துக்கொண்டு போனது போன்ற வெள்ளைப் பூ.

"பூவைக்கூட முழுசா பூக்கத் தெரியல இதுக்கு" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் ஒரு குறை கண்ணில் படும்.

"ஒண்ணுமே பூக்காததுக்கு பாதிப் பூ தேவலங்க."

முதல் மாதம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தையல் வேலை கழுத்தை நெரித்ததில் மறந்தே போனாள். நான்கு வருடத்தில் செடி இடுப்புயரம் வந்து, போதும் என்பதுபோல் நின்றுவிட்டது. கணவன் அதற்குக் 'கஞ்சன்' என்று பெயர் வைத்தான்.

ஐந்தாவது கோடையில் புதுத் தண்ணீர்க் குழாய் பதிக்க பிளம்பர் வந்தார். கேட்டிலிருந்து சமையலறைக்கு நேராகத் தோண்டிக்கொண்டு வந்தவர் முழங்கால் ஆழத்தில் நின்றார்.

"அக்கா, கீழ ஏதாவது கேபிள் போட்டிருக்கீங்களா?"

"இல்லையே!"

கையால் மணலை விலக்கினார். கட்டைவிரல் பருமனில் ஒரு வேர், கஞ்சனிடமிருந்து வந்தது.

"வெட்டிட்டுப் போங்க" என்றான் கணவன்.

"எங்க போகுதுன்னு பாத்துட்டு வெட்டலாம் சார்."

பார்த்தார்கள். வேர் வீட்டை ஒட்டியே போனது. மணலை அள்ள அள்ளப் போய்க்கொண்டே இருந்தது. பத்தடி தாண்டியதும் கணவன் உள்ளே ஓடி டேப்பை எடுத்துவந்தான். பதினைந்து. இருபது. வெயில் படக் கூடாதென்று தையல்காரி வெட்டுத்துணிகளை நனைத்து வேரின் மேல் போர்த்திக்கொண்டே வந்தாள். அவளுடைய தையல் மிஷின் இருக்கும் சன்னலுக்கு அடியிலும் அது போயிருந்தது.

"இங்கதானேங்க நாளெல்லாம் உக்காந்திருக்கேன்" என்றாள். "ஒரு சத்தம் கேக்கலயே!"

இருபத்து மூன்றாவது அடியில், துவைக்கிற கல்லுக்கு அப்பால், வேர் சட்டென்று கீழே திரும்பியது. மார்பளவு தோண்டியதும் வெள்ளை மணல் ஈரத்தில் கறுத்தது. பிளம்பர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். இன்னொரு சிட்டிகையும் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்லக்கா."

அந்தத் தெருவில் போர் போட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது உப்புத் தண்ணீர்தான்.

கணவன் குழிக்குள் இறங்கி மண்டியிட்டான். வேர் அங்கே நூறு நூறாகப் பிரிந்து ஈர மணலைப் பற்றியிருந்தது. தையல்காரியும் இறங்கினாள். எவ்வளவு மெல்லிய நூலையும் ஒரே மூச்சில் ஊசியில் கோர்த்துவிடுகிறவள் அவள். அந்த வெள்ளை இழைகளின் நுனி அவள் கண்ணுக்கும் அகப்படவில்லை.

"குழாயைச் சுத்திக் கொண்டுபோயிடுங்க" என்றான் கணவன், மேலே பார்க்காமலே.

"வளைவுக்கு நாலு எல்போ கூட வேணும் சார்."

"போடுங்க."

தைத்த துணி வாங்க வந்த பக்கத்துத் தெருப் பெண் கேட்டில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானே உள்ளே வந்து குழியை எட்டிப் பார்த்தாள். துணியை மறந்து அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மண்வெட்டி படாமல் மூவரும் கையாலேயே மூடினார்கள், ஈர மணலை முதலில், காய்ந்ததை அதன் மேல்.