ஓட்டை போடாதது

ஆலையில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஓட்டை’ என்று கேட்டால் கேன்டீன்காரன்கூடக் கையைக் காட்டுவான். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. என் வேலையே அதுதான்.

உருக்காலையில் பழைய இரும்பு வந்து குவிகிற யார்டு ஒன்று உண்டு. அங்கிருந்து உலைக்குப் போகும் சரக்கில், மூடியிருக்கிற எதுவானாலும், சிலிண்டரோ குழாயோ டேங்க்கோ, நான் டிரில்லால் ஓர் ஓட்டை போட வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றும் எண்ணெயும் உலைச் சூட்டில் வெளியே வர வழி தேடும். வழி இல்லாவிட்டால் வெடிக்கும். எல்லாம் பார்த்து முடித்ததும், கிரேன் உலைக்குத் தூக்கிப்போகிற பெரிய இரும்புப் பக்கெட்டின் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். அந்த வட்டத்தைப் பார்த்தால்தான் உலைக்காரர்கள் கிட்டே வந்து நிற்பார்கள். இருபத்தாறு வருடம் என் வட்டம் பொய் சொன்னதில்லை.

என் தம்பி அந்த உலைக்காரர்களில் ஒருவன். அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. நான்தான் வளர்த்தேன். அதையும் அரைகுறையாகத்தான் செய்திருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று உலைகளில் இரண்டை மூடியதும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகிவிட்டது. மீதி நாட்களில் தம்பி லோடு காண்ட்ராக்டரோடு சுற்ற ஆரம்பித்தான். அந்த ஆளுக்கும் எங்கள் சங்கச் செயலாளருக்கும் கீரியும் பாம்பும்தான். "அந்த ஆளோட சகவாசம் வேண்டாம்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். ஒன்பது தடவை சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவன் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். சிவப்பு டேங்க் வைத்த வண்டி. அவன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

"செயலாளரை அடிச்சுட்டாங்க அண்ணே. ஆஸ்பத்திரியில கெடக்குறாரு."

"யாருடா அடிச்சது?"

"காண்ட்ராக்டரோட ஆளு. நான் வண்டிதான் ஓட்டினேன். மிரட்டிட்டு வந்துடலாம்னுதான் சொன்னான். முதுகுல கம்பி வச்சிருந்தது எனக்குத் தெரியாது. ரெண்டாவது அடிக்கு நான் கையைப் புடிச்சுட்டேன். ஆனா தெருவே என் வண்டியைப் பார்த்திருக்கு."

‘வா, ஸ்டேஷனுக்குப் போய் இதையே சொல்லுவோம்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவன் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, எனக்கு ஆடிவிட்டது.

"வண்டியை உலையில போட்டுடலாமா அண்ணே?" என்று அவனே கேட்டான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதை ஒளிக்க வேண்டுமென்றாலும் உலை ஞாபகம்தான் வரும்.

"சரி. உனக்கு ரெண்டாவது ஷிஃப்டுதானே? நீ வர்றதுக்குள்ள இது இருக்காது. வீட்டுல கம்முனு கிட" என்றேன்.

வாசலில் வாட்ச்மேனிடம், "ஓடாத வண்டி, சரக்கோட போட்டுடறேன்" என்றேன். இருபத்தாறு வருடத்துப் பழக்கம், அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. குவியலுக்குப் பின்னால் வைத்து கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டினேன். டேங்க்குக்கு ஓட்டை போட்டேன். சைலன்சருக்குப் போட்டேன். முன்பக்கத்துக் குழாய் இரண்டுக்கும் போட்டேன். கடைசியாகப் பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர் இரண்டு இருந்தன. ஒன்றைத் துளைத்து எண்ணெயை வடியவிட்டேன். இன்னொன்றைக் கையில் எடுக்கும்போது யார்டுக்குள் போலீஸ் ஜீப் நுழைந்தது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். கையிலிருந்ததை அப்படியே பக்கெட்டுக்குள் எறிந்து, இரும்புச் சீவலை அள்ளி மேலே கொட்டினேன். முழங்கை நீளம்கூட இல்லாத சாமான், இது என்ன செய்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டேன். கிரேன்காரனுக்குக் கையைத் தூக்கினேன். பக்கெட் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து குவியலைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"எங்க ஸ்டேஷன்ல ஆக்சிடென்ட் வண்டிங்க பத்துப் பதினஞ்சு துருப்புடிச்சுக் கெடக்கு. எடம் அடைக்குது. நீங்க எடுத்துக்குவீங்களா? யாரைப் பாக்கணும்?"

அதற்குத்தான் வந்திருக்கிறார்! ஆபீஸ் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உலைப் பக்கம் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். உலைவாசலில் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து கிடந்தது என் தம்பி.

வண்டி உருகுவதைக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பக்கெட்டில் என் வட்டம் இருந்ததால் எல்லோரையும்விடக் கிட்டே போய் நின்றிருக்கிறான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஆலையிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம், முகம் முழுக்கக் கட்டோடு படுத்தபடி அவன்தான் பேசினான். "முந்தின நாள் மழை சார். சரக்கு ஈரமா இருந்துச்சு. நான்தான் கவனிக்காம போடச் சொல்லிட்டேன்." நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரச் சரக்கும் உலையில் வெடிக்கும் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு வாரத்தில் கம்பியால் அடித்தவன் பிடிபட்டான். அதற்குள் செயலாளருக்கும் நினைவு திரும்பியிருந்தது. "வண்டி ஓட்டினவன் கையைப் புடிக்கலேன்னா நான் செத்திருப்பேன்" என்று அவரே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து தம்பியைச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். வண்டி எங்கே என்றார். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வண்டியை உருக்கியிருக்கவே வேண்டாம்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. ஷிஃப்டு முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குத்தான் போவேன். அவன் மகள் என் சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடுவாள். அவள் யார் ஜாடை என்று அவன் அடிக்கடி கேட்பான். உன் ஜாடைதான் என்பேன். அதுவாவது உண்மை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தம்பி மனைவி டீ கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். நாங்கள் இருவர்தான் இருந்தோம். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்குச் சரக்கு ஈரமில்லைடா."

"தெரியும் அண்ணே."

என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஈரம்னா சீறிட்டுத்தான் வெடிக்கும். இது டப்புன்னு ஒண்ணே ஒண்ணு. ஷாக் அப்சார்பர்னு அங்கேயே தெரிஞ்சுடுச்சு. ரெண்டு இருக்குமே, இன்னொண்ணு எப்ப வெடிக்குமோன்னு தரையில கெடந்தபடி எண்ணிக்கிட்டிருந்தேன். வெடிக்கலை. அப்பதான் புரிஞ்சுது, ஒண்ணுக்கு ஓட்டை போட்டுட்டே, இன்னொண்ணுக்கு ஏதோ அவசரம் வந்துடுச்சுன்னு."

"ஏன்டா இத்தனை நாளா என்னைக் கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். முதல் வருஷமே சொல்லியிருந்தா உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். எனக்கு அப்படித் திட்டணும்னு ஆசையாவும் இருந்துச்சு. நீ வருவே, ஒக்காருவே, டீ குடிச்சுட்டுப் போயிடுவே. கடைசியில அந்தக் கோபமும் போயிடுச்சு அண்ணே."

"இப்பத் திட்டுடா" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் திட்டவில்லை. வேறொன்று கேட்டான்.

"ஒரு ஓட்டை போட எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாதுடா."

"ஓ" என்றான். டம்ளர் எங்கே என்று கையால் தடவினான். நான் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.