இருநூற்றுப் பதினாலாவது கண்ணாடி

சத்யப்பிரியா ஸ்கூட்டரை வைத்திக்குப்பத்துக்குள் திருப்பும்போது காலை மணி பதினொன்று. தோள்பையில் ஒரு புது டப்பாவும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் நான்கும் இருந்தன. செத்தவன் வீட்டுக்கு டப்பாவோடு போகிறோமே என்று வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை. வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விமல்ராஜின் பேர் போய்விடும்.

அவளும் விமல்ராஜும் லாஸ்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் மூன்று வருடம் காற்றும் ஈரமும் புகாத ஒரே குளோவ் பாக்ஸுக்குள் கைவிட்டு வேலை பார்த்தவர்கள். வெயிலை மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் படலம் செய்வதுதான் வேலை. சொன்னால் சுலபம். சின்னக் கண்ணாடித் துண்டில் கரைசலை விட்டுச் சுழற்றி, சுழலும்போதே மேலே இன்னொரு திரவத்தை ஊற்ற வேண்டும். படிகம் முளைப்பது அந்த நொடியில்தான். முந்தினால் பொடிப்பொடியாக முளைத்து முட்டிக்கொள்ளும், பிந்தினால் படலம் முழுக்க ஓட்டை. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து ஊற்றினார்கள். விமல்ராஜ் கண்ணாடியைத்தான் பார்ப்பான்.

"எங்கம்மா கொழம்புல புளி ஊத்துறப்ப கடிகாரமா பாக்குது? பளபளப்பு லேசா மங்கும் சத்யா, அப்ப ஊத்தணும்" என்பான்.

அப்படி ஊற்றி ஊற்றி இருநூற்றுப் பதின்மூன்று கண்ணாடிகள் சுமாராகத்தான் வந்தன. இருநூற்றுப் பதினாலாவதுக்கு நேராக நோட்டில், வெயிலில் இருபத்து மூன்று சதவீதம் மின்சாரமாகிறது என்று எழுதியிருந்தான். அந்த ஆய்வகம் அதுவரை பார்க்காத எண். அதைப் பற்றி வாய் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, நூறடி ரோட்டில் அவனை லாரி அடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் பையை சத்யப்பிரியா கையில்தான் கொடுத்தார்கள். அவள் அதைத் திறக்காமலே அவன் அம்மா வீராயியிடம் கொடுத்தாள். அடுத்தவர் பையைத் திறப்பது முறையில்லை என்று வளர்க்கப்பட்டவள். பெரிய முறை!

அதன்பின் இரண்டு மாதம் அறுபது கண்ணாடி செய்துபார்த்தாள். ஒன்றுகூடப் பதினெட்டைத் தாண்டவில்லை. பேராசிரியர் அன்பழகன் கெட்டவர் இல்லை, ஆதாரம் கேட்டார். "நோட்டுல எழுதிட்டா ஆயிடுமா? திரும்ப செஞ்சு காட்டு, இல்ல அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமை கட்டுரை போவுது. ரெண்டும் இல்லன்னா அவன் ரிசல்ட்ட எடுத்துடலாம்." ரிசல்ட் போனால் கட்டுரையில் அவன் பேர் எதற்கு? தப்பாக அளந்துவிட்டுச் செத்துப்போனவன் என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள். அதுதான் மிஞ்சும்.

நேற்று அந்த நோட்டின் பின்னட்டையைத் தற்செயலாகப் புரட்டினாள். பென்சிலில் கிறுக்கியிருந்தான்: 'திங்கள், சென்னை. அங்கே அளந்த பிறகு சத்யாவிடம் சொல்ல வேண்டும்.' அப்படியென்றால் அன்றைக்குச் சென்னையில் அளக்க எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறான், கண்ணாடி ஆய்வக அலமாரியில் இல்லை. அவள் கையாலேயே கொடுத்த பையில் இருக்கிறது.

வீராயி மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "வா கண்ணு, ஒக்காரு" என்று பாயை விரித்தாள்.

"அம்மா, அவன் பையில சின்னதா ஒரு டப்பா இருந்துச்சா?"

வீராயியின் முகம் மலர்ந்தது. "இருந்துச்சே. அவன் கடைசியா செஞ்சதுதான அது? அதான் படத்துக்கு முன்னால வச்சிக் கும்புடுறேன்."

சுவரோரம் பலகையில் விமல்ராஜின் படம், அதன் முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் கண்ணாடி இருந்தது, சந்தனமும் குங்குமமும் வைத்து. கருப்பாக இருக்க வேண்டிய கண்ணாடி. அது மஞ்சளாக இருந்தது.

கிட்டே போகாமலே சத்யப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. கருப்புதான் அந்தப் படலத்தின் உயிர். ஈரம் பட்டால் படிகம் குலைந்து மஞ்சளாகிவிடும், பிறகு எந்த மெஷினில் வைத்தாலும் ஒன்றும் சொல்லாது.

"கரி பூசுன மாதிரி இருந்துச்சு கண்ணு" என்றாள் வீராயி. "ரோட்டுல வுழுந்த அழுக்குன்னு நெனச்சேன். எம்புள்ள கைபட்ட பொருளு அழுக்கா கெடக்கலாமா? ஈரத்துணியால தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க மஞ்சளா வந்துச்சு பாரு, மங்களமா."

"எப்பம்மா தொடச்சீங்க?"

"போன வெள்ளிக்கெழமதான். அதுவரைக்கும் டப்பாவ தெறக்கவே மனசு வல்ல."

ஆறு நாள். லாரி அடித்தும் உடையாமல், டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் துணையில் இரண்டு மாதம் கருப்பு குறையாமல் காத்திருந்த கண்ணாடி. ஒரு வாரம் முந்தி வந்திருந்தால்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்திருக்கிறாள். சத்யப்பிரியாவுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. யாரைக் குற்றம் சொல்ல? பெற்ற மனம் பித்து. பையைத் திறக்காமல் கொடுத்த புத்திசாலி இவள்தானே.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அந்த மஞ்சளில் இருப்பது ஈயம், உடம்பில் ஏறினால் விஷம்.

"இதக் கையால தொடுவீங்களாம்மா?"

"தெனமும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவேன்."

சத்யப்பிரியா கைக்குட்டையால் கண்ணாடியை எடுத்துப் புது டப்பாவில் வைத்து மூடினாள். "அந்த மருந்து ஒடம்புக்கு ஆவாதும்மா. துணியையும் தட்டையும் குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாக்கச் சொல்றேன். இப்ப கை கழுவுங்க, வாங்க." வீராயி மறுபேச்சில்லாமல் பின்வாசலுக்கு வந்தாள். இவள் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றினாள்.

"கண்ணாடிய எங்க கொண்டுபோற கண்ணு?"

"லேப்புக்கும்மா."

"நான் தொடச்சதுல ஒண்ணும் கெட்டுப்போவலியே?"

"இல்லம்மா."

வீராயி நிம்மதியாகச் சோப்பை எடுத்தாள். நுரை முழங்கைவரை வழிந்தது. "அங்க அவன் பேரு போட்டு வைப்பாங்களா?"

சத்யப்பிரியா சொம்பில் இன்னொரு தடவை மொண்டு ஊற்றினாள்.

"வைப்பாங்கம்மா" என்றாள். "இன்னொரு தடவ சோப்பு போடுங்க."

எத்தனையோ வருடம் மீன் கழுவிய அந்தக் கைகளை வீராயி மறுபடியும் நீட்டினாள்.