மூன்று நிமிட நன்றி

மச்சானின் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை என்பதைக் கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். சொல்லவில்லை. சொன்னால் மனிதர் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருப்பார், பேச வந்ததைக் கோட்டை விட்டுவிடுவார். அவருக்கு ஒதுக்கியிருந்தது நீள மேசையின் கடைக்கோடி, டீ கேன் வைத்திருந்த கதவோரம். எனக்கு அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலி. ஒரு சங்கத்துக்கு இரண்டு பேர், ஒருவர் மேசையில், ஒருவர் சுவரில். மேசைக்காரருக்கு மைக் உண்டு. சுவர்க்காரருக்குக் காது மட்டும்தான்.

தேசியப் பொருளாதாரக் கொள்கைக்குத் தொழில் அமைப்புகளிடம் கருத்துக் கேட்கிறார்களாம். எங்களுடையது கீல் உற்பத்தியாளர் சங்கம். கதவிலும் ஜன்னலிலும் போடுகிற கீல்தான். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பட்டறை அவருக்கும் எனக்கும் பாதிப் பாதி. சங்கத்துக்கு அந்த வருஷம் அவர் தலைவர், நான் பொருளாளர். நாங்கள் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கீல் செய்கிற எஃகுத் தகட்டுக்கு இறக்குமதி வரியை ஏற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வெளிநாட்டிலிருந்து கீலாகவே வந்து இறங்குவதற்கோ வரி சொற்பம். தகடு இன்னும் ஏறினால் எங்கள் கீலை எவன் வாங்குவான்? பட்டறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். தகட்டு வரியை ஏற்றாதீர்கள் என்று சொல்ல மூன்று நிமிடம் எதற்கு, ஒரு மூச்சு போதும்.

ஆனால் எங்கள் சங்கத்து ஆட்களை உங்களுக்குத் தெரியாது. பேச்சைத் தயாரிக்கக் கமிட்டி கூடியதுமே முன்னாள் தலைவர் ஆரம்பித்துவிட்டார்.

"முன்னாடி ஒருத்தர் போனாரு. எடுத்த எடுப்புல நம்ம குறைகளச் சொன்னாரு. அதுக்கப்புறம் நம்மள கூப்பிடவே இல்ல. முதல்ல நன்றி சொல்லணும்."

அவ்வளவுதான், ஆளுக்கொரு நன்றியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மந்திரிக்கு, செயலாளருக்கு, துணைச் செயலாளருக்கு, அழைப்பு அனுப்பிய அதிகாரிக்கு, எங்களுக்காகச் சிபாரிசு செய்த பெரிய வர்த்தக சபைக்கு. எவரையாவது விட்டால் கோபித்துக்கொள்வாராம். போன வருஷத்துக் கடன் திட்டத்தையும் நாலு வார்த்தை புகழ்ந்துவிட வேண்டும் என்றார் ஒருவர். அந்தத் திட்டத்தில் கடன் கேட்டுப் போன எங்கள் ஆட்களை, வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவா என்று வங்கியில் விரட்டியடித்திருந்தார்கள். "வாங்காத கடனுக்கு எதுக்குங்க நன்றி?" என்று கேட்டேன். "ஐஸ் வைக்கிறதுல என்னப்பா உண்மை பொய்யி" என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டில் அக்காகூடச் சொல்லிப் பார்த்தாள். "கேக்க வேண்டியத முதல்ல கேட்டுருங்க. நன்றிய வரும்போது சொல்லிக்கலாம்."

"கல்யாண வீட்டுக்குள்ள நுழையும்போதே சாப்பாடு எங்கன்னா கேப்பாங்க?" என்றார் மச்சான்.

"பந்தி முடிஞ்சிரப் போகுது மச்சான்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

அறைக்குள் ஒவ்வொரு மைக்கின் அடியிலும் ஒரு சின்ன விளக்கு இருந்தது. பேச ஆரம்பித்தால் பச்சை, முடியப்போகும்போது மஞ்சள், சிவப்பு வந்தால் மைக் தானாகவே அணைந்துவிடும். அதிகாரி ஒருவர் இதை எங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். முதலில் பேசியவர் எஃகு ஆலைகள் சங்கத்தின் தலைவர், மந்திரிக்குப் பக்கத்து நாற்காலி. "சார், நேரா விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுத் தகட்டுக்கு வரிய ஏத்தினாத்தான் நாங்க பொழைக்க முடியும்." வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. அவருக்கும் சிவப்பு வந்தது, மைக்கும் அணைந்தது. மந்திரி கையைக் காட்டி, "பேசுங்க, பேசுங்க" என்றார். யாரோ ஓடிவந்து மைக்கை மறுபடி போட்டுவிட்டார்கள். மந்திரிக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மைக்கே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் முறை வரும்போது பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு மந்திரிக்கு நன்றி சொன்னார். செயலாளருக்குச் சொன்னார், துணைச் செயலாளருக்கு அவருடைய பட்டங்களோடு சொன்னார். நான் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தேன். என்ன நினைத்தாரோ, அழைப்பு அனுப்பிய அதிகாரியை மறந்துவிட்டதை ஞாபகப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு அவருக்கும் ஒரு நன்றியைப் போட்டார். மஞ்சள் வந்துவிட்டது. "போன வருஷம் நீங்க குடுத்த கடன் திட்டத்தால எங்க உறுப்பினர்கள் ரொம்பப் பயனடைஞ்சிருக்காங்க" என்றார். மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் குறித்துக்கொண்டார்.

"ஆனா..." என்றார் மச்சான். சிவப்பு.

அதற்கப்புறம் அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மேசையின் அந்தக் கோடி வரைக்கும் கத்திப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. நான் எழுந்து, "சார், தகட்டு வரி..." என்றேன். "பின்னாடி உக்காந்திருக்கவங்க பேசக்கூடாதுங்க. எதுவானாலும் எழுதிக் குடுத்துருங்க" என்றார் அதிகாரி. மந்திரி எங்களைப் பார்த்துச் சிரித்து, சிறு தொழில்காரர்களின் மனதாரப் பாராட்டு தனக்கு ஊக்கம் என்றார். கை தட்டினார்கள். டீ கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில், "மந்திரி சிரிச்சாரு பாத்தியா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இறங்கி நடந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அக்கா போன் பண்ணி, "சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். மச்சான் போன் பிடித்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாருக்கா" என்றேன்.

எழுதியும் கொடுத்தோம். பதில் வரவில்லை.

கொள்கையை அறிவித்த அன்று பட்டறையில் டிவியைப் போட்டு வைத்திருந்தோம். எல்லோரும் மெஷின்களை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். மந்திரி பேசிக்கொண்டே வந்தவர், "கீல் செய்யும் சிறு தொழில்காரர்களே என் எதிரில் அமர்ந்து, உங்கள் திட்டத்தால் பயனடைந்தோம் என்று சொன்னார்கள்" என்றார். அவ்வளவுதான், பட்டறையே கை தட்டியது. "நம்ம முதலாளியத்தான் சொல்றாரு" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் அடுத்த வரி அவர்கள் யார் காதிலும் விழவில்லை. உள்நாட்டு எஃகைக் காக்கத் தகட்டின் இறக்குமதி வரி உயர்த்தப்படுகிறது என்பது அந்த வரி. எனக்குக் கேட்டது. மச்சானுக்கும் கேட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கீலில் துளை போடுகிற அம்மா முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். எங்களிடம் வெகு காலமாக வேலை செய்கிறவர். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற தன் மகளை இங்கே சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"மந்திரியே சொல்லிட்டாரு. இனிமே ரெண்டு ஷிப்டு ஓடும், இல்லீங்களா? என் பொண்ண வரச் சொல்லட்டுமா?"

மச்சான் வாயைத் திறந்தார். "பாக்கலாம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். "நீ போய்ச் சொல்லேன்" என்றார் மச்சான் என்னிடம், மெதுவாக. "நீங்க சொல்லுங்க, நீங்கதான் தலைவர்" என்றேன். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அதற்குள் யாரோ உற்சாகத்தில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின்கள் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டார்கள். வெளியே, லாரியிலிருந்து இறக்கிப் பிரிக்காமல் கிடந்த தகட்டுக் கட்டுகளுக்கு நடுவே அந்த அம்மா ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார். "கடையில இன்னிக்கே சொல்லிரு, நாளைலேருந்து வரமாட்டேன்னு. ஆமா. சொல்லிரு." மகள் அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, தலையைப் பின்னால் சாய்த்து, எண்ணெய்க் கறை படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.